அவள் வைத்த கோப்பு

"வாயாலே சொன்னா எப்படிம்மா நம்புறது, செஞ்சு காட்டுறியா?" என்று மூன்று மாதத்துக்கு முன்பு அவளைக் கேட்ட டீம் லீடர் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையின் இணையதளத்தில், நோயாளி பெயரைத் தேடும் கட்டத்தில் பெயரோடு ஒரு கட்டளையையும் ஒட்டி எழுதினால் சர்வர் அதற்கும் கீழ்ப்படிகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அவர் கேட்டதற்காக, அந்த வழியாகவே சர்வருக்குள் தன் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பு உண்டாக்கிக் காட்டினாள். எழுத்தைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அந்த ஓட்டையை அடைக்க அரைநாள் போதும், அவர் அடைக்கவில்லை. நேற்று எவனோ அதே ஓட்டையில் நுழைந்து நோயாளிகளின் விவரங்களை வழித்து எடுத்துப் போய்விட்டான். ஏசி உறுமுகிறது. டீம் லீடருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்புகிறார். வெள்ளைத் திரையில் அந்தக் கோப்பு அவள் பெயரோடு தன்னந்தனியாக நிற்கிறது. "இது நீ போட்டதுதானே?" "ஆமா சார். இவர்தான் செஞ்சு காட்டச் சொன்னாரு." "திருடனுக்கு வழியைத் திறந்துவிட்டுட்டு, பழியை அவர் தலையில போடுறியா? நாளையிலருந்து வர வேண்டாம்." அவளுக்குக் காது மடல் எரிகிறது. ஓட்டையைக் காட்டியவள் வீட்டுக்கு, அடைக்காதவர் நாற்காலியிலா? டீம் லீடர் பக்கம் திரும்புகிறாள். "சார், கேட்டது நீங்கதானே? வாயைத் திறந்து சொல்லுங்க!" பேனா மூடி நிற்கிறது. டீம் லீடர் எழுகிறார், சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார், கதவைத் திறந்து வெளியே போகிறார்.