பனிக்காட்டில் ஒரு விசாரிப்பு

மூன்றாவது வலைத்தளம் உள்ளே விடுமுன் ஒரு கேள்வி கேட்டது. நீங்கள் தாக்குபவரா, காப்பவரா, குணப்படுத்துபவரா?

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அவள் தையல் யூனிட்டில் காலர் வைப்பவள். இரண்டு பேரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகனுடைய அறையில், மகனுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

காப்பவர் என்று போடலாம் என்றாள் அவள். தாக்குபவர் என்றே போடு, என்னைப் பற்றி அவனைக் கேட்டால் அதைத்தான் சொல்வான் என்றார் அவர்.

அவள் மூன்றாவதை அழுத்தினாள்.

மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம். போன் நம்பரை மாற்றிவிட்டான். நண்பர்களுக்கும் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கே இருந்தாலும் பனிக்காட்டில் வேட்டையாடிப் பிழைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை மட்டும் விட்டிருக்க மாட்டான். விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுவதற்கென்றே முகநூல் மாதிரி தனித் தளங்கள் இருக்கின்றன, அங்கே தேடிப் பாருங்கள் அத்தை என்று அவளுடைய தம்பி மகள் காலையில் சொல்லியிருந்தாள்.

எப்படியாவது இன்றைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் தளம் ஒன்பது கட்டம் போட்டு, பஸ் எங்கே என்று கேட்டது. ஒரு கட்டத்தில் பஸ்ஸின் கண்ணாடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இருவருக்கும் சண்டை வந்ததுதான் மிச்சம். இரண்டாவது தளத்தில் ஓர் ஓநாய் விடாமல் ஊளையிட்டது. நிறுத்தும் வழி தெரியாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

மூன்றாவது உள்ளே விட்டது.

உள்ளே சந்தைக் கூட்டம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்டையோடு, கரடி, தீப்பந்தம். பெயர் என்று சொல்லத்தக்க பெயர் ஒன்றுகூட இல்லை. இதில் பெற்ற பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? கரடியாக இருப்பானோ என்று கேட்டாள். அவன் பூனைக்கே பயந்து கட்டில் மேல் ஏறுவான் என்றார் அவர்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். எல்லோருக்கும் ஒரே கேள்வியைத் தனித்தனியாக அனுப்பினாள். கீபோர்டில் நான்கு எழுத்துகள் அவன் விரல் பட்டே அழிந்திருந்தன. தடவித் தடவி அடித்தாள்.

"சாப்பிட்டியா சுண்டு?"

அந்தச் செல்லப் பெயர் அந்த வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. தாண்ட விடமாட்டான்.

பதில்கள் மளமளவென்று வந்தன.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றது மண்டையோடு. நேற்று ஒரு முயல் கிடைத்தது, அதையும் தீயில் கருக்கிவிட்டேன் என்றது கரடி. பசியில் சாகக் கிடக்கிறேன், ரொட்டி இருந்தால் வடக்கு வாசலில் போடவும் என்றது தீப்பந்தம். சுண்டு எந்த லெவலில் கிடைக்கும் என்று ஒருவன் கேட்டான்.

 இத்தனை பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களே, பெற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்றாள் அவள்.

பசி விளையாட்டில் வரும் பொம்மைக்கு, பிள்ளைக்கு இல்லை என்று அவர் விளக்கினார். சொன்ன பிறகு அவருக்கே சந்தேகமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் எல்லோருக்கும், வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று எழுதி அனுப்பினாள். நாற்பது பேர் நன்றி சொன்னார்கள்.

ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படம் கூட வைக்காத ஒருவன்.

அவன் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. ஏதோ எழுதுகிறான், எழுதி எழுதி அழிக்கிறான் என்றார் அவர். பத்து நிமிடம் இருவரும் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு புள்ளிகள் மறைந்து ஒரு சிவப்பு வரி வந்தது. இந்த உறுப்பினர் உங்களைத் தடுத்துவிட்டார்.

தடுத்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாள். நம்மோடு பேசப் பிடிக்காதவர்கள், இனிமேல் வராதே என்று கதவைச் சாத்துகிற மாதிரி என்றார்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதவனுக்கு நம்ம மேல என்னங்க கோபம்?"

அவர் அந்தச் சிவப்பு வரியை இன்னொரு தடவை படித்தார். 

அவள் எழுந்து போய் அவருடைய போனை எடுத்தாள். காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்ட நம்பர் முதலாவதாக நின்றது. அழுத்தினாள்.

"ஐயா, அடையாளம் பார்க்க வரச் சொன்னீங்களே, நாங்க வரலைங்க. அது எங்க பையன் இல்லை."

பிணவறை ஊழியர் பொறுமையாகத்தான் பேசினார். அப்படியெல்லாம் பார்க்காமல் சொல்ல முடியாதம்மா, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்றார்.

கணவர் அதற்குள் வெளியே போகும் சட்டையை ஒரு கையில் மாட்டியிருந்தார். இன்னொரு கையையும் நுழைப்பதா, கழற்றிவிடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.