அணை கொடுத்த வாக்கு

ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி, ரோலர் ஓட்டி, அணை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதி வளர்ந்ததுமே அணைக்கு வாய் வந்துவிட்டது.

மின்சாரம் எடுக்க வந்திறங்கிய டர்பைன், "எனக்குத் தண்ணி எப்பவும் உச்சியிலயே நிக்கணும்" என்றது.

"நிக்கும்" என்றது அணை.

மேட்டில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி கேட்டது: "குஞ்சுகளுக்குத் தண்ணி ரொம்ப தூரம். உனக்குக் கீழே இருக்கிற ஆத்துத் திட்டுக்கு வந்திடலாமா? மழைக்கு முன்னாடி உன் வயித்துல கொஞ்சம் இடம் விட்டு வைப்பியா?"

"வெள்ளத்தைப் பிடிக்கத்தானே என்னைக் கட்டறாங்க! தைரியமா வா."

குருவி திட்டுக்குக் குடிவந்தது.

அணை எழும்பி, விளிம்புவரை நிறைந்தது. டர்பைன் உற்சாகமாகச் சுற்றியது. குருவி திட்டில் நான்கு முட்டைகள் இட்டது. வானம் கறுத்தபோது குருவி நினைவூட்டியது.

"பாத்துக்கலாம்" என்றது அணை.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் மண் உடம்பு கரைந்துவிடும். பயந்துபோன அணை எல்லா ஷட்டர்களையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டது.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. வெறும் திட்டில் நின்ற குருவியிடம் அணை சொன்னது: "நான் மட்டும் இல்லேன்னா இன்னும் எவ்வளவு வந்திருக்கும், தெரியுமா?"

"ஆமாமா" என்றது டர்பைன், சுற்றிக்கொண்டே.