மட்டையில் இருந்த பெயர்

பல்கலைக்கழக விரிவுரையாளர் கஜானி தனது ஆய்வு நூலோடு வாகரைக்குப் போனபோது, தெய்வானை தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்திக் காத்திருந்தாள்.

"மூன்றாம் அத்தியாயம் முழுக்க உங்கட கதைதான் அம்மா. வெளிநாட்டிலயும் வாசிக்கிறாங்க."

அந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தெய்வானை கண்களில் ஒற்றிக்கொண்டாள். மட்டையில் இருந்த பொன்னெழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்டுக்கும் பயப்படாதீங்க. ஒருத்தர்ட பேரும் போடல்ல. உங்களை ஆருக்கும் அடையாளம் தெரியாது."

விரல் நின்றது.

"மகன்ட பேரும் இல்லயா மிஸ்?"

"மாத்தித்தான் போட்டிருக்கன், குமரன் எண்டு. நீங்க கையெழுத்து வெச்ச படிவத்திலயே அது இருந்ததே?"

"எனக்கு வாசிக்கத் தெரியுமா மிஸ்? அவன்ட படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சுனாமியில போயிற்று. ரெண்டு வருசத்துக்குப் பிறகு அவனையும் புடிச்சிட்டுப் போயிற்றாங்க, திரும்பி வரவேயில்ல. யசோகரன் எண்டு ஒரு புள்ள இருந்ததுக்கு ஒரு கடதாசி இல்ல. புத்தகத்தில அவன்ட பேர் வரும் எண்டுதான் நாலு நாளா அழுதழுது சொன்னன்."

தெய்வானை அவளருகே நகர்ந்தாள்.

"நான் கதைச்சதைப் பதிஞ்சீங்களே, அதிலயாவது அவன்ட பேர் இருக்குமே?"

"ஆய்வு முடிஞ்சதும் அதை அழிச்சிட்டம் அம்மா. அதுதான் விதி."

தெய்வானை மட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"அப்ப இவ்வளவு நேரமும் நான் தடவினது ஆர்ட பேர்?"

"என்ட பேர் அம்மா."