மூன்றாவது செயலி

அவர் இரண்டாவது செயலியையும் மூடினார்.

"இதுல ஓரம் பத்தாது."

அவள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாப்லெட்டைப் பார்க்கவில்லை. அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் டாக்டர் வந்து அங்கே நீல மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

நாளைக்கு அந்தக் கோட்டில் வெட்டுவார்கள். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும். குரல் தங்காது.

இதை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் செயலிகளைப் பற்றித்தான்.

டாப்லெட் பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியது. வேதாகமத்தின் பக்கத்தை அதில் திறந்துவைத்து ஓரத்தில் எழுதலாம். வரையலாம். வண்ணம் தீட்டலாம். தாளில் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும். இதில் பிடிக்காததை அழித்துவிடலாம்.

சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவர் அவர். மைக் வேலை செய்யாத நாட்களில்கூட, அவர் வாசிக்க எழுந்தால் யாரும் அதைச் சரிசெய்ய ஓடியதில்லை.

இனி வாசிக்க முடியாது. எழுதலாம்.

அதற்காகத்தான் இவ்வளவு தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அவளும் ஒன்றைத் தேடியிருந்தாள். அவளுடைய போனில் அவர் குரல் இல்லை. கல்யாண வீடுகளில் எடுத்த வீடியோக்கள் இருந்தன. பாட்டுச் சத்தத்துக்குள் அவர் உதடு மட்டும் அசைந்தது. ஒன்றே ஒன்றில் குரல் கேட்டது. "சரி, சரி, போனை வை."

அவ்வளவுதான்.

முதல் செயலியில் தமிழ் எழுத்து உடைந்து விழுந்திருந்தது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். இரண்டாவது சரிப்படவில்லை. அவர் மூன்றாவதைத் திறந்தார்.

வேதாகமத்தில் சங்கீதத்தின் பக்கம் விரிந்தது. இரு புறமும் தாராளமான வெள்ளை. டாப்லெட்டோடு வந்த பென்சிலை வைத்து இழுத்தார். கை போன வழியே கோடு வந்தது.

பக்கத்தின் உச்சியில் சின்னதாக ஒரு மைக் படம்.

அவள் ஸ்டூலை முன்னால் நகர்த்தினாள்.

"இதுல குரலும் பதியுமாம். வாசிச்சுக்கிட்டே எழுதுனா, பிறகு அந்த எழுத்தத் தொட்டாப் போதுமாம், அப்ப வாசிச்சது கேக்குமாம். மக சொன்னா."

அவர் இன்னொரு கோடு இழுத்தார்.

"ஒரு சங்கீதம் வாசிங்களேன்."

பென்சில் நின்றது.

"சின்னதா ஒண்ணு."

"என்னை இப்பவே பெட்டிக்குள்ள வச்சு மூடப் பாக்கியா?"

பாதியில் குரல் கிழிந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டும் வரை இருமினார்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சார், பேசாதீங்க. தொண்டைய அலட்டாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. கடைசியில் அவள் காதில் நிற்கப்போவது இதுதானா?

அவர் மடியிலிருந்து டாப்லெட்டை எடுத்தாள். பக்கத்தை மூடி, மூன்றாவது செயலியின் படத்தின் மேல் விரலை அழுத்தி வைத்தாள். படம் நடுங்கியது. நீக்கவா என்று கேட்டது.

"எடுத்திருதேன். வேற பாப்போம்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடி இறுகியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலக்கோடு ஒருமுறை ஏறி இறங்கியது.

"கெடக்கட்டும்" என்றார். "பென்சில் இதுலதான் நல்லா ஓடுது."

அவள் அதை நீக்காமல் விட்டாள். டாப்லெட்டை அவர் மடியில் வைத்துவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினாள்.

அவர் பழையபடி பக்கத்தைத் திறந்தார். பென்சிலை எடுத்தார். எழுதும் முன் விரல் மேலே போய் எதையோ தொட்டது.

சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்தது. அதன் கீழே, சத்தத்தைக் காட்டும் மெல்லிய கோடு ஒன்று நேராக ஓடத் தொடங்கியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாசிக்கவில்லை.

சங்கீதத்தின் ஓரத்தில் ஒரு மலையை வரைந்தார். அதன் பின்னால் இன்னொரு மலை. பிறகு அடிவாரத்தில் சின்னச் சின்னப் புற்கள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

கோடு நேராகவே ஓடியது. வெளியே ஒரு ட்ராலி உருண்டு போனபோது லேசாகத் துடித்து அடங்கியது.

உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தான் விம்மினால் அதுவும் பதிந்துவிடும்.

சன்னல் திரை உப்பி எழுந்தது. மழை வந்துவிட்டது.

அவர் தலை நிமிரவில்லை. பென்சிலும் நிற்கவில்லை.

"எப்சி, சாரல் அடிக்கு. சன்னலச் சாத்து."

கரகரத்த, சோர்ந்த, தினப்படிக் குரல்.

கோடு எழுந்தது. விழுந்தது. எழுந்தது. பிறகு நேரானது.

சன்னல் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தரை நனையத் தொடங்கியிருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கோட்டையே பார்த்தபடி, காதில் விழாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.