கட்டிப்போட்ட கார்

ஒரு விடுகதை. கட்டிப்போட்டால் வயிறு நிறையும். அவிழ்த்துவிட்டால் ஓடும். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. அது என்ன?

கோட்டுச்சேரியில் அந்தத் தெருப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். ஜவஹர் அலியின் மின்சாரக் கார். விடுகதையைக் கட்டியவள் நான்காம் வகுப்பு பாரதிப்ரியா.

மழையில் மரம் சாய்ந்து, இரண்டு நாளாகத் தெருவில் கரண்ட் இல்லை. பாரதிப்ரியாவின் அப்பா அருள்மணியின் கடையில் ஐஸ்கிரீம் பெட்டி உருக ஆரம்பித்திருந்தது. முந்தாநாள்தான் நிரப்பியது. சாயங்காலத்துக்குள் பெட்டி ஓடாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்குத்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தமிழ்வேந்தன் வந்து காதோடு சொன்னார்.

"விசாலாட்சியக்கா வீட்ல ஃபேன் சுத்துதுய்யா. ஜன்னல் இடுக்குல என் கண்ணால பார்த்தேன்."

அருள்மணி தெருவில் இறங்கிப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் அலியின் காரிலிருந்து ஒரு வயர் கிளம்பி அந்த ஜன்னலுக்குள் போயிருந்தது. அலியின் சொந்த வீடு பக்கத்திலேயே இருக்க, வயர் அடுத்த வீட்டுக்கு ஏன் போகிறது?

விசாலாட்சி வீட்டுக் கொல்லை பின்தெருவைத் தொடும். பின்தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டதாகக் காலையில் யாரோ சொன்னார்கள். கணக்கு சரியாக வந்தது. கொல்லை வழியாகத் திருட்டு லைன் இழுத்து, பாய் காருக்கு ஊற்றுகிறார்கள்.

"வெள்ளிக்கிழமை பாயும் பொண்டாட்டியும் கன்னியாகுமரிக்குக் கார்ல கிளம்பறாங்கள்ல, அதுக்குத்தான்," என்றார் தமிழ்வேந்தன். "நம்ம போன்ல உசிரு இல்லை. அவங்களுக்கு ஊர் சுத்தக் கரண்ட்."

"விசாலாட்சியக்கா அப்படிச் செய்யறவங்க இல்லையே. அவங்க வீட்டுக்காரர் நீலமேகம் ஐயா வேற போன வாரம்தான் புதுச்சேரி ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கார். ஒரு எட்டு பார்க்கப் போகணும்னு நானும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

"நானும்தான். எங்க, இந்த மழையில? ஆனா பாய் விஷயம் வேற. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ட்டு வந்து நமக்கே காது குத்துனவருய்யா அவரு."

அது தெருவுக்கே தெரிந்த கதை. போன வருஷம் அலியும் மனைவி அர்ஷியாவும் பெர்த்தில் இருக்கும் மகன் தாரிக்கைப் பார்க்கப் போனார்கள். அங்கே ஒரு மின்சாரக் காரை எடுத்துக்கொண்டு, இரண்டு பேராகவே செம்மண் காட்டு வழியில் நாள்கணக்கில் ஓட்டினார்கள். திரும்பி வந்து எல்லோருக்கும் படம் காட்டினார்கள். ஒரு படத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வீடில்லை, கரண்ட் போஸ்ட் இல்லை. காரின் பக்கத்தில் அர்ஷியா நின்று, மின்சாரக் கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கெட்டிலுக்குக் கரண்ட் யாரு குடுத்தா, கங்காருவா?" என்று அன்று தமிழ்வேந்தன் கேட்க, தெருவே சிரித்தது. அலி ஏதோ சொல்ல வந்தார். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. ஊருக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு காரையும் வாங்கிவிட்டார்.

"பாப்பாவை அனுப்பு," என்றார் தமிழ்வேந்தன். "அது பொய் சொல்லாது."

அது உண்மை. பாரதிப்ரியா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அருள்மணி மகளைக் கூப்பிட்டார். "கார் திரையில சார்ஜ் நம்பர் தெரியும்ல, அது ஏறியிருக்கான்னு பாரு. வீட்டுக்குள்ள கரண்ட் இருக்கான்னும் பார்த்துட்டு வா. இருந்தா நம்ம பெட்டிக்கும் ஒரு வயர் இழுத்துக்கலாம். பெட்டி ஓடிச்சுன்னா முதல் கோன் உனக்கு."

"எனக்கும் ஒரு வயர்," என்றார் தமிழ்வேந்தன். திருட்டு லைன் என்ற பேச்சு அதோடு நின்றுபோனது.

பாரதிப்ரியா கார்க் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். நேற்று விளையாடும்போது ஐம்பத்தெட்டு இருந்தது. இப்போது முப்பத்தேழு.

கட்டித்தான் போட்டிருக்கிறது. வயிறு காலியாகிக்கொண்டிருக்கிறது.

விசாலாட்சி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த அர்ஷியாவிடம் நேராகவே கேட்டாள். "மாமி, வயர் மாட்டியிருக்கு. அப்புறம் ஏன் குறையுது?"

அர்ஷியா தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளை உள்ளே விட்டார்.

கட்டிலில் நீலமேகம் படுத்திருந்தார். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் மூச்சுக்காற்று கொடுக்கும் இயந்திரம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. காரிலிருந்து வந்த வயர் அந்த இயந்திரத்திலும், தலைமாட்டில் சுற்றிய ஒரு சின்ன ஃபேனிலும் முடிந்தது.

பின்தெருவிலும் கரண்ட் வரவில்லை, கார் பேட்டரியிலிருந்துதான் எடுக்கிறோம், அன்று கெட்டிலுக்குக் கொடுத்த மாதிரி என்று அலி தணிந்த குரலில் சொன்னார். நம்பர் இருபதுக்கு வந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தில் ஐயாவை ஏற்றிக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு ஓட்ட வேண்டும். அதற்குள் லைன் வந்துவிட்டால் அவரை அசைக்க வேண்டியதில்லை. அப்பாவின் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் ஒரு வயர் கேட்டாள் பாரதிப்ரியா. அந்தப் பெட்டியும் இதில் ஓடினால் இருபது சீக்கிரம் வந்துவிடும் என்றார் அலி.

"தெருவுல தெரிஞ்சா வயரைத் தூக்கிக்கிட்டு வருவாங்க," என்றார் விசாலாட்சி. "உங்கப்பாவுக்குக் குடுத்துட்டு அடுத்தவங்களுக்கு எப்படி இல்லைன்னு சொல்றது? ஆனா பொய் சொல்லுன்னு பச்சைப்புள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ பார்த்ததைச் சொல்லு, கண்ணு."

நீலமேகம் கண்ணைத் திறந்தார். "யாரு, அருள்மணி பொண்ணா? என்னைப் பார்க்கவா வந்தே?"

பாரதிப்ரியா தலையாட்டினாள். அவருக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பக்கத்து வீட்டாரைத் தவிர அவரைப் பார்க்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

கடை வாசலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வயர்ச் சுருளோடு நின்றார்கள்.

"என்ன பாப்பா, நம்பர் ஏறியிருக்கா? உள்ளே கரண்ட் இருக்கா?"

ஐஸ்கிரீம் பெட்டியின் அடியிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு படி வரைக்கும் ஒழுகியிருந்தது. பாரதிப்ரியா அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த வீட்ல கரண்ட் இல்லைப்பா," என்றாள்.