எஃப் டூ

எஃப் டூவை அழுத்தினாள்.

திரை வெளிச்சமானது. மணப்பெண் வெளுக்கவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினாள். திரை இன்னும் வெளிச்சமானது. மண்டபத்துச் சுவர், வாழைமரம், மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை, பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, எல்லாம் சேர்ந்து பளிச்சென்று ஆயின. நடுவில் மணப்பெண் மட்டும் தன் நிறத்தை விடாமல் நின்றாள்.

அந்த மணப்பெண் வேறு யாருமில்லை. இவள்தான்.

ஊரில் உள்ள ஸ்டூடியோக்களுக்கெல்லாம் கல்யாண ஆல்பம் எடிட் செய்து கொடுக்கிறவள், இன்று தன் கல்யாணத்தைத் திறந்து வைத்திருக்கிறாள்.

பழைய பிசியில் எஃப் டூ கீ ஒரு குறுக்குவழி. இவளே போட்டு வைத்தது. அதற்கு ‘பொண்ணு’ என்று பெயரும் கொடுத்திருந்தாள். அழுத்தினால் போதும், பெண்ணின் முகம் மட்டும் வெளுக்கும். கலர் ஏத்துவது என்பார்கள். ஏத்தாமல் கொடுத்தால் ஆல்பம் திரும்பி வரும்.

புதிதாக வாங்கிய ஆப்பிள் மேக்கில் அந்தக் கீ திரையின் வெளிச்சத்தைக் கூட்டும். அவ்வளவுதான். விரலுக்கு அது தெரியவில்லை.

மேக் வந்ததிலிருந்தே இந்தப் பாடுதான். கண்ட்ரோல் செய்த வேலையைக் கமாண்ட் செய்கிறது. ஆல்ட்டைத் தேடினால் ஆப்ஷன் நிற்கிறது. விரல்கள் புகுந்த வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பா தேடுகிற மாதிரி அலைந்தன.

பழகின கையை மாத்தாதே என்று எல்லோரும் சொன்னார்கள். திரையில் ஒரு நிறம், பிரிண்ட்டில் ஒரு நிறம் என்று பிசியோடு மாரடித்தது போதும் என்று ஒரே பிடியாக நின்று வாங்கியவள் இவள். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

பென்டிரைவ் பக்கத்திலேயே கிடந்தது. ‘பொண்ணு’ அதில்தான் இருந்தது. மேக்கில் ஏற்றி, வேறு ஏதாவது கீயில் போட்டுக்கொள்ளலாம். பெரிய வேலை ஒன்றுமில்லை.

காலையில் மாமியார் சண்முகத்தாய் கோவில்பட்டியிலிருந்து ஃபோன் செய்திருந்தாள்.

“ஏம்மா, ஊர்ப் பொண்ணுகளுக்கெல்லாம் கலர் ஏத்துறியே, உனக்கும் கொஞ்சம் ஏத்திக்கிட்டா என்ன? வாரவக போறவக எல்லாம் பாப்பாகள்ல.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வருகிறவர்கள் ஆல்பத்தைப் பார்ப்பார்கள். பிறகு காப்பி கொண்டுவருகிற இவளைப் பார்ப்பார்கள். மறுபடியும் ஆல்பத்தைப் பார்ப்பார்கள். அந்த வெளுத்த பெண் ஆயுசுக்கும் அந்த வீட்டை விட்டுப் போக மாட்டாள்.

தன் கையாலேயே தனக்கொரு சக்களத்தியைச் செய்து அனுப்புவதா?

கோபம் வந்தது. நல்ல கோபம்.

பென்டிரைவைச் செருகினாள். ‘பொண்ணு’வைத் தேடி எடுத்தாள். குப்பைத்தொட்டியில் போட்டாள். தொட்டியையும் காலி செய்தாள்.

எட்டிப் பார்த்த கணவன் மாரீஸ்வரன், “அம்மா சும்மா இருக்க மாட்டாகளே,” என்றான்.

“இருக்க வேண்டாம்.”

ஆல்பம் அச்சாகி வந்ததும் கோவில்பட்டிக்கு இவளே கொண்டுபோனாள். மேக்கையும் பையில் போட்டுக்கொண்டாள், வேலை பாக்கி இருந்தது. ஆல்பத்தை மாமியாரின் மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். சொல்லவேண்டிய பதிலையெல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தாள்.

மாமியார் புரட்டினாள்.



மாலை மாற்றுகிற படத்தில் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு மாலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரலை வைத்துக் கையிலிருந்து முகத்துக்குப் போனாள். முகத்திலிருந்து கைக்கு வந்தாள்.

பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

சுவரில் மாமியாரின் கல்யாணப் படம். பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோவில் கேட்காமலே கலர் ஏத்தியிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம். யார் செய்தார்களோ, மாலையைப் பிடித்திருந்த கையை மறந்துவிட்டார்கள். கை கையாகவே இருந்தது.

இவள் அந்தப் படத்தைக் கல்யாணமாகி வந்த முதல் நாளே கவனித்திருந்தாள். மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை.

“அதுல கை மட்டுந்தாம்மா நானு,” என்றாள் மாமியார்.



மாமியாரே ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து இவள் கையில் கொடுத்தாள்.

இவள் கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை ஃபோன் கேமராவில் பிடித்து, மேக்கில் திறந்தாள். மாமியார் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

விரல் பழக்கத்தில் ஆல்ட்டைத் தேடியது. ஆப்ஷன் கிடைத்தது. அதை அழுத்தியபடி, மாலையைப் பிடித்திருந்த கையின்மேல் ஒரு கிளிக்.

கையின் நிறம் திரையிலிருந்த தூரிகைக்கு வந்தது.

முகத்தில் வைப்பதற்கு முன், சரிதானா என்று கேட்கத் திரும்பினாள்.

மாமியார் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, திரைக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், ஃபோட்டோவுக்கு உட்கார்கிறவளைப் போல.