மொட்டைக் கடுதாசி

“நான்தான் எழுதினேன் சார். இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?”

பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அந்தப் பெண், காட்டிய நாற்காலியில் உட்காரவே இல்லை. ஹெல்மெட்டுக்கு நாடா மாட்டி மாட்டிக் காய்த்துப்போன விரல்களை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

எதிரே இருந்த பணியாளர் துறை மேனேஜர் ஒரு முறை கதவைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

“நீ எழுதல. இது விளையாட்டு இல்லம்மா. வேலை போயிடும்.”

“போகட்டும்.”

கம்பெனியில் மூன்று நாளாக இதே பேச்சுதான். சோதனையில் தேறாத சைக்கிள் ஹெல்மெட்டுகள் இரண்டாயிரம் கிடங்கில் கிடந்தன. இடுப்பு உயரத்திலிருந்து போட்டாலே உள்ளே இருக்கும் தெர்மாகோல் பிளந்துவிடும். உடைத்துத் தள்ளவேண்டிய சரக்கு. அதற்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி, ‘எங்கள் சமூகப் பொறுப்பு’ என்று பேனரும் கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார் முதலாளி. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். கிடங்குக்குச் சீல் வைத்தாயிற்று. விழா நின்றுபோனது.

ஸ்டிக்கர் ஒட்டியது பேக்கிங் பெண்கள். அதனால் முதலாளியின் சந்தேகம் அவர்கள்மேல்தான். “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஆள் தெரியணும். இல்லேன்னா முப்பத்திரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பு” என்று மேனேஜருக்கு உத்தரவு போட்டிருந்தார்.

“சரி, நீதான் எழுதினேன்னே வச்சுக்குவோம். எந்தக் கலர் பேனா?”

“நீலம்.”

“அது டைப் அடிச்ச லெட்டர்.”

அவள் கண் இமைக்கவில்லை. “அப்ப டைப் அடிச்சேன்.”

“உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா?”

“தெரிஞ்சவங்களை வச்சு அடிச்சேன். யாருன்னு கேக்காதீங்க, செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

“எத்தனை பக்கம்?”

“நியாயம் எத்தனை பக்கம் வருமோ அத்தனை பக்கம்.”

மேனேஜருக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே நின்றது. அடுத்த நொடி குரலை உயர்த்தினார். “வீட்ல சம்பாதிக்கிறது நீ ஒருத்தி. பொண்ணு காலேஜ் போறா. யாருக்காக இப்படித் தலையைக் குடுக்கறே?”

“எனக்குப் பக்கத்துல உக்கார்றவளுக்கு ஏழு மாசம் சார். அதுக்கு அடுத்தவ போன வாரம்தான் புருஷனை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா. முப்பத்திரண்டு அடுப்பு அணையறதுக்கு ஒண்ணு அணையட்டும்.” அவள் மூச்சு வாங்கினாள். “அதுவும் இல்லாம, அந்த ஸ்டிக்கரை ஒட்டினது இந்தக் கை. என்னத்தை ஒட்டறோம்னு தெரிஞ்சேதான் ஒட்டினோம். யாரோ ஒரு மகராசன் எழுதிட்டான். நியாயமா நான் எழுதியிருக்கணும்.”

“யாரோ எழுதினான்னு இப்ப நீயே சொல்லிட்டே.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த மகராசன் எங்கே இப்போ? நீ இங்க நின்னு பதில் சொல்லிட்டிருக்கே. அவன் வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். கோழை! அவனுக்காக உன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்காதே.”

“கோழைன்னு சொல்லாதீங்க சார்!” முதல் தடவையாக அவள் குரல் கத்தியாக வந்தது. “புள்ளைகுட்டிக்காரனா இருக்கும். பயம் இருக்காதா? பயந்துக்கிட்டேதான் எழுதியிருப்பான். ஆனா எழுதினான்ல? இத்தனை பேர் இருக்கற கம்பெனியில அவன் ஒருத்தன்தான் எழுதினான். காகிதத்தைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் முதலாளி. “என்னய்யா, ஒத்துக்கிட்டாளா?”

“ஒத்துக்கிட்டேன்” என்றாள் அவளே.

மேனேஜர் எழுந்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் முதலாளிக்கு முன்னால் அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

“பொய் சொல்றா சார். அந்த லெட்டரை இவ கண்ணாலகூடப் பார்த்ததில்ல.”

“அப்ப எவன் எழுதினான்?”

“நான்தான் சார். இதே மேஜையில உக்காந்து அடிச்சேன். அன்னிக்குக் கீழே பேர் போடத்தான் தைரியம் வரல. இப்ப போட்டுக்குறேன்.”